பூட்டிய பெட்டியும் பொதுச் செல்வமும்

ஓர் இனத்தின் வரலாறு முழுவதும் அவ்வினத்தார் கையிலேயே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கோயில் சுவரில் கல்வெட்டாக இருப்பது நம்முடையது. மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் செப்பேடு நம்முடையது. பரண் மேல் புகை படிந்து கிடக்கும் பனையோலை நம்முடையது. இவற்றைப் பற்றி நாம் பேசுகின்றோம், பெருமை கொள்கின்றோம், சில வேளைகளில் காப்பாற்றவும் செய்கின்றோம். ஆனால், நம்மிடையே வந்து வாழ்ந்த பிறர், நம் மொழியைக் கற்று, நம் தெருக்களைக் கண்டு, நம் அரசர்களின் போர்களையும் நம் மக்களின் பசியையும் தம் தாய்மொழியில் எழுதிக் கப்பலேற்றி அனுப்பிய வரலாறும் ஒன்று உண்டு. அது நம்மைப் பற்றியது; நம்மிடம் இல்லாதது.

அத்தகைய எழுத்துகளைத் தேக்கி வைத்திருக்கும் பெட்டிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று, கத்தோலிக்கத் துறவியர் கூட்டங்களுள் ஒன்றாகிய இயேசு சபையின் ஆவணப் பெட்டி. அதைக் காப்பதும், காத்ததைக் கற்பவர் எல்லார்க்கும் திறந்து வைப்பதும் அச்சபையாரின் வீட்டுக் காரியம் என்று நாம் ஒதுங்கி நிற்கலாகாது என்பதே என் கருத்து. நான் அச்சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆகையால் இது பக்தியால் எழுந்த ஆசை அன்று. தமிழ்மேல் கொண்ட பற்றால் எழுந்த கவலை.

முதலில் அந்தப் பெட்டியில் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம்.

இயேசு சபை 1540-ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1542-இல், அச்சபையின் பிரான்சிசு சேவியர் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கும் வந்தார். அச்சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே சென்றாலும் எழுத வேண்டும். கண்டதை எழுத வேண்டும். செய்ததை எழுத வேண்டும். ஆண்டுக்கொரு முறை தொகுத்து எழுத வேண்டும். எழுதிய மடலை ஒரே கப்பலில் அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கவும் மாட்டார்கள். கடலை நம்ப முடியாதே! அதனால் ஒரே மடலை இரண்டு மூன்று படிகள் எடுத்து, முதல் வழி, இரண்டாம் வழி, மூன்றாம் வழி என்று தலைப்பில் குறித்து, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று கரை சேரும். இந்த வழக்கத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு நான் திரும்பி வருவேன்.

இப்படிக் கரை சேர்ந்தவற்றுள் தமிழுக்கு உரியவை எவை?

அன்றிக்கே அன்றிக்கசு என்னும் போர்த்துக்கீசியத் துறவி, 1549-ஆம் ஆண்டளவில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். நன்னூலைப் போன்றதன்று அது. புலவரின் தமிழை விட்டுவிட்டு, கடற்கரையில் மக்கள் பேசிய தமிழை அவர் எழுதி வைத்தார். நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிப் பக்கத்தில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று அறிய விரும்புகின்றவனுக்கு இதைவிடச் சிறந்த சான்று எது? அதே துறவியின் முயற்சியால் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். ஆனால் இந்திய மொழி எதிலும் அம்மொழியின் எழுத்திலேயே அச்சான நூல்களுள் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றில் அதுவே முதலாவது. 1586-இல் 'அடியார் வரலாறு' அச்சாயிற்று. 1679-இல், கொச்சிச் சீமையின் அம்பலக்காட்டில், அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. தொகுத்தவர் 1666-லேயே இறந்துவிட்டார். தம் நூலை அவர் அச்சில் காணவில்லை.

இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தார், புலால் மறுத்தார், தத்துவ போதகர் என்று அழைக்கப்பெற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, சமுதாய வழக்கங்களா என்று அவருக்கும் அவருடைய எதிரிகளுக்கும் நடந்த வழக்கு உரோம் வரை சென்றது; 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சார்பாக ஆணை தந்தார். அந்த வழக்கின் தாள்களில் பதினேழாம் நூற்றாண்டு மதுரையின் வாழ்க்கை படம் பிடித்ததுபோல் பதிந்து கிடக்கின்றது. வீரமாமுனிவரைப் பற்றி நான் சொல்லவே வேண்டுவதில்லை. தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் நம் பாடநூல்களிலேயே இருக்கின்றன.

இவையெல்லாம் மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரியவை. அரசியல் வரலாற்றுக்கோ? சத்தியநாத ஐயர் 1924-இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். அதன் பிற்சேர்க்கையில் இயேசு சபையாரின் மடல்கள் மொழிபெயர்த்துச் சேர்க்கப்பட்டுள்ளன. மைசூர்ப் படை மூக்கறுத்துச் சென்ற கொடுமையும், சிவாசி 1677-இல் செஞ்சியைப் பிடித்த காலத்துக் குழப்பமும், வெள்ளமும் பஞ்சமும் ஊர்களைச் சூறையாடியதும், அவற்றை அக்காலத்திலேயே கண்டும் கேட்டும் எழுதியவர்களின் எழுத்தில் அங்கே நிற்கின்றன. அரசனைப் புகழ்ந்து பொருள் பெறும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. வேறு நோக்கம் இருந்தது. அதைப் பிறகு சொல்கின்றேன்.

இவ்வளவு செல்வமும் எப்படிச் சிதறிற்று என்பது ஒரு துன்பக் கதை.

1759-இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையாரைத் தன் நாட்டிலிருந்தும் தன் குடியேற்றங்களிலிருந்தும் வெளியேற்ற ஆணையிட்டது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். 1814-இல்தான் அது மீண்டும் உயிர் பெற்றது. புதிய மதுரை மறைப்பணி 1838-இல் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் மடங்களின் நூல்கள் எங்கே போயின? சில அரசாங்கக் களஞ்சியத்துக்குச் சென்றன. சில ஏலத்துக்குச் சென்றன. சில கறையானுக்குச் சென்றன. உரோமிலும் கதை வேறல்ல. 1873-இல் இத்தாலிய அரசு துறவற மடங்களின் உடைமைகளைக் கைப்பற்றியபின், உரோமைக் கல்லூரியின் பெரும் நூலகம் புதிதாகத் தோன்றிய நாட்டு நூலகத்தில் சேர்ந்தது. சபையின் தலைமை ஆவணங்கள் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1939-இல் மீண்டும் உரோமை அடைந்தன. நாடோடிகளைப்போல் காகிதங்களும் நாடு விட்டு நாடு அலைந்தன!

இந்தச் சிதறலுக்கு நடுவே நம்மவர் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1816-ஆம் ஆண்டளவில், சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த எல்லிசு துரை, புதுவை முத்துசாமிப் பிள்ளையை வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடித் தென்னாட்டுக்கு அனுப்பினார். பிள்ளை ஊர் ஊராக அலைந்து தேடினார். பின்னர் 1822-இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிப் புறப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நடந்த ஏடு தேடும் படலம் இது. இன்று நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

புதிதாக வந்த சபையார் தங்கள் முன்னோரின் எழுத்தை மறக்கவில்லை. பழைய மடல்களைப் பெர்த்திரான் என்னும் துறவி 1847-இலிருந்து 1854-க்குள் நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் எழுந்த திருஇருதயக் கல்லூரியில் மதுரை மாநிலத்தின் ஆவணக் காப்பகம் வளர்ந்தது. மலையேறிச் சென்று அங்கே குறிப்பெடுத்த ஆராய்ச்சியாளர் பலர். பின்னர், யோசேப்பு விக்கி என்னும் துறவி, இந்தியா பற்றிய பதினாறாம் நூற்றாண்டு மடல்களைப் பதினெட்டுப் பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார். முதல் தொகுதி 1948-இல். கடைசித் தொகுதி 1988-இல். நாற்பது ஆண்டு உழைப்பு! சபையார் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், நண்பர்களே.

அம்பலக்காட்டு அகராதி அச்சானது 1679-இல். வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைக் கொண்டு தனிநாயக அடிகள் கோலாலம்பூரில் மறுபதிப்பு வெளியிட்டது 1966-இல். இடையே 287 ஆண்டுகள். அடியார் வரலாறு அச்சானது 1586-இல். வத்திக்கானில் இருந்த அதன் படியைத் தனிநாயக அடிகள் 1954-இல் இனங்கண்டார். இராசமாணிக்க அடிகள் தூத்துக்குடியில் அதைப் பதிப்பித்தது 1967-இல். இடையே 381 ஆண்டுகள். அன்றிக்கசின் இலக்கணம் எழுதப்பெற்றது 1549-ஆம் ஆண்டளவில். லிஸ்பன் நாட்டு நூலகத்துக் கையெழுத்துப் படியைக் கொண்டு செருமனியில் அது அச்சேறியது 1982-இல். ஏறத்தாழ 433 ஆண்டுகள்! அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். இராசம் அம்மையாரும் உழைத்ததன் பயனாக, 2013-இல்தான் வந்தது.

நானூறு ஆண்டுகள் ஒரு மொழியின் சொத்து அம்மொழியாருக்குத் தெரியாமல் கிடந்தது. யாரும் திருடிக்கொண்டு போனதாலும் அன்று. யாரும் எரித்ததாலும் அன்று. எங்கே இருக்கின்றது என்று நமக்குத் தெரியவில்லை. அது என்ன என்று வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை. பட்டியலில் ஒரு வரி இல்லாமையால் நேர்ந்த இழப்பு இது. தம்பிரான் வணக்கத்தின் இன்று அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவில், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கின்றது. கொல்லத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டும்!

இனி, இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். எதிர்ப்பைச் சொல்லாமல் மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது மாணவனுக்கு அழகன்று.

'மதம் மாற்ற வந்தவர்களின் எழுத்து இது. நம் தெய்வங்களைப் பழித்தவர்களின் எழுத்து. இதை நாம் ஏன் காக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அம்மடல்களில் பழிப்புரை உண்டு, மறுப்பதற்கில்லை. தங்கள் வெற்றியைப் பெருக்கிக் காட்டும் ஆசையும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து ஆளும் பொருளும் வரவேண்டும் என்ற நோக்கமும் உண்டு. நான் முன்பு சொன்ன 'வேறு நோக்கம்' இதுவே. ஆனால் நோக்கமில்லாத ஆவணம் உலகில் எங்கே இருக்கின்றது? மெய்க்கீர்த்தி பாடிய கல்வெட்டுக்கு நோக்கம் இல்லையா? கும்பினிக்காரன் எழுதிய வரிக்கணக்குக்கு நோக்கம் இல்லையா? எழுதியவனின் நோக்கத்தைத் தெரிந்துகொண்டு படிப்பதற்குத்தானே வரலாற்றுப் பயிற்சி? மேலும், பழித்திருக்கின்றார்கள் என்பதை நிறுவுவதற்கும் அந்தத் தாளே சான்று. தாளை அழியவிட்டால் பழித்தவனுக்கல்லவா நன்மை?

இன்னொன்றும் சொல்லுவேன். சாதிக்கு அவர்கள் எவ்வளவு தூரம் வளைந்து கொடுத்தார்கள் என்பதும் அம்மடல்களிலேயே இருக்கின்றது. மேற்சாதியாருக்கென ஒரு வகைத் துறவியும், மற்றவர்க்கெனப் பண்டாரசாமிகளும் என்று பிரித்து வைத்தார்கள். சமத்துவம் பேசிய சமயம் இந்த மண்ணில் கால் வைத்தவுடன் என்ன ஆயிற்று என்பதை அறிய வேண்டுமானால், அந்த மடல்களைத்தான் திறக்க வேண்டும். ஆகவே சபையாரிடமும் நான் ஒன்று கேட்பேன். புகழ் தரும் பக்கங்களை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்து, நாணம் தரும் பக்கங்களை அடியில் வைத்துவிடாதீர்கள். திறப்பதானால் முழுவதும் திறக்க வேண்டும்.

'அது அவர்கள் சொத்து. நாம் கேட்க உரிமை ஏது?' என்பது இரண்டாவது எதிர்ப்பு. சட்டப்படி அவர்கள் சொத்துதான். ஆனால் உழைப்பின் கணக்கைப் பாருங்கள். கொல்லத்து அச்சு வேலைக்குப் பொருள் உதவியவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள். மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தின் பணம் அந்தப் பதினாறு பக்கத்தில் கலந்திருக்கின்றது. அன்றிக்கசுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? நொபிலிக்கு வடமொழி கற்பித்தவர் யார்? அகராதியில் உள்ள பதினாறாயிரம் சொற்களும் எவர் வாயிலிருந்து வந்தவை? பெயர் தெரியாத தமிழர்கள் நூற்றுவர் அந்தப் பெட்டியில் இருக்கின்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பெட்டியின் சாவி நமக்கு வேண்டாம். உள்ளே இருப்பதைப் படிக்கும் உரிமை வேண்டும்.

மூன்றாவதாக, 'அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்' என்று கொதிக்கின்றவர்களும் உண்டு. அவர்களுடைய உணர்ச்சியை மதிக்கின்றேன், முடிவை ஏற்கவில்லை. அசல் எங்கே பாதுகாப்பாக இருக்குமோ அங்கே இருக்கட்டும். நம் காப்பு முறை குறைவற்றது என்று மார்தட்ட முடியுமா? 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு, தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 2005-இல் காணாமற்போயிற்று. 2022-இல் அது லண்டனில் ஒரு தொகுப்பில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. நம் நெஞ்சில் ஆறாத புண் அது. அந்தப் புண் நமக்குக் கற்பிக்கும் பாடம் என்ன? ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது, இல்லாமல் இருப்பதற்கு அடுத்த படி. அவ்விடம் நம்முடையதாக இருந்தாலும் சரி, அயலாருடையதாக இருந்தாலும் சரி.

இங்கேதான் அந்தப் பழைய கப்பல் வழக்கத்துக்கு நான் திரும்பி வருகின்றேன். முதல் வழி, இரண்டாம் வழி, மூன்றாம் வழி! கடலை நம்பாமல் மூன்று படி எடுத்தவர்களின் வழிவந்தவர்கள், இன்று காலத்தை நம்பி ஒரே படியோடு இருக்கலாமா? சபையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1740-களில் மக்காவோவிலிருந்த தங்கள் ஆவணங்களை இரு துறவிகள் படியெடுக்கச் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். சபைக்குத் துன்பம் வந்தபோது அசல்கள் சிதறிப்போயின. படிகள் அஜுடா நூலகத்தில் இன்றும் நிற்கின்றன. படி எடுத்தவன் பிழைத்தான்!

ஆகவே நான் வேண்டுவன மூன்று.

முதலாவது, பட்டியல். உரோமிலும் தமிழகத்திலும் பிற இடங்களிலும் உள்ள இயேசு சபைக் காப்பகங்களில் தமிழ்நாட்டைப் பற்றியும் தமிழ்மொழியைப் பற்றியும் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் ஒன்று வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். எழுதியவர், எழுதிய ஆண்டு, எழுதிய ஊர், மொழி, பக்கம், பொருள் – ஒரு மடலுக்கு ஆறு வரி போதும். பட்டியல் இல்லாத காப்பகம் விளக்கில்லாத நெற்களஞ்சியம். உள்ளே நெல் இருக்கின்றதா, எலி இருக்கின்றதா என்று எவருக்கும் தெரியாது.

இரண்டாவது, படிகள். அசல் தன் இடத்தில் இருக்கட்டும். ஒளிப்படமாக எடுத்த ஒரு படி தமிழகத்துப் பொது நூலகம் ஒன்றில் இருக்கட்டும். இன்னொரு படி இணையத்தில், கட்டணமின்றி, எவரும் காணுமாறு இருக்கட்டும். இதில் காலத்தாழ்வு கூடாது. அக்காலத்து மை இரும்பு கலந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவே தாளை அரிக்கும். மலைநாட்டு ஈரமும் கடற்கரை உப்புக்காற்றும் பூச்சியும் உடன் சேர்ந்தால் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். ஆனால் ஒளிப்படம் எடுத்துவிட்டால் காத்துவிட்டோம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். மின்படியும் அழியக்கூடியதே, அதையும் காலத்துக்குக் காலம் புதிய கருவிக்கு மாற்றி வைக்க ஆளும் பொருளும் வேண்டும். அசலைப் பேணுவதும், படியைப் பேணுவதும், இரண்டும் வேலைதான்.

மூன்றாவது, நெறிமுறை. துறவியரின் அண்மைக்காலச் சொந்தக் கோப்புகள், ஒப்படைத்தவரின் மந்தணங்கள், உயிரோடிருப்பவர் பற்றிய செய்திகள் ஆகியவற்றை மூடி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மனிதனின் மானம் ஆராய்ச்சியைவிடப் பெரிது. ஆனால் எத்தனை ஆண்டு மூடப்படும், எப்போது திறக்கப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காப்பாளர் மனம்போல் ஒருவருக்குத் திறப்பதும் ஒருவருக்கு மறுப்பதும் காப்பு ஆகாது. பரிந்துரைக் கடிதம் கொண்டுவரும் பேராசிரியருக்குத் திறக்கும் கதவு, முதுகலை படிக்கும் ஏழை மாணவனுக்கும் திறக்க வேண்டும்.

'சபையார் செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாய். நாம் செய்ய வேண்டியது என்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

தாய்நாட்டைவிட்டு வெளியே வந்து படிக்கும் நமக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கின்றது. இயேசு சபையின் நூலகச் செல்வம் தமிழகத்தில் மட்டும் இல்லை. மும்பையில் தூய சேவியர் கல்லூரியில் ஈராசு ஆய்வகம் இருக்கின்றது. 1926-இல் அதைத் தோற்றுவித்த என்றி ஈராசு அடிகள், சிந்துவெளி எழுத்தைத் திராவிட மொழியாகக் கொண்டு படிக்க முயன்றவர்; 1953-இல் அதைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். அவருடைய வாசிப்பை ஏற்பவர் இன்று அரியர். ஆனால் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்களுள் அவர் ஒருவர். கொல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரியில் கோத்தல்சு நூலகம் இருக்கின்றது. கோவாவில் சேவியர் வரலாற்று ஆய்வு நடுவம் இருக்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் இரண்டு நாள் ஒதுக்கினால் இவற்றுள் ஒன்றையாவது நாம் பார்க்கலாம். உலகத் தமிழாராய்ச்சி மன்றமே 1964-இல் தில்லியில்தான் தோன்றியது. தமிழுக்கான வேலை தமிழ்நாட்டு எல்லைக்குள்தான் நடக்க வேண்டும் என்று எவன் விதித்தான்?

ஆனால் போய் நின்றால் போதுமா? மடல்கள் போர்த்துக்கீசியத்திலும் இலத்தீனிலும் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அல்லவா இருக்கின்றன! நாம் ஆங்கிலம் ஒன்றையே பலகணியாக வைத்துக்கொண்டு உலகைப் பார்க்கின்றோம். அதனால் ஆங்கிலேயன் எழுதிய தமிழ்நாடு நமக்குத் தெரிகின்றது. அவனுக்கு முன்னூறு ஆண்டுக்கு முன்னோ, இருநூறு ஆண்டுக்கு முன்னோ வந்தவன் எழுதிய தமிழ்நாடு தெரியவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அயல்மொழி வகுப்புகள் நடக்கின்றன. வேலைக்காகச் செருமன் படிப்போர் படிக்கட்டும். தமிழுக்காகப் போர்த்துக்கீசியம் படிக்க ஆண்டுக்கு இருவர் முன்வரக்கூடாதா? இருவர் என்றால் பத்தாண்டில் இருபதின்மர். இருபது பேர் ஓர் இனத்தின் நினைவை மீட்கப் போதுமானவர்கள். தனிநாயக அடிகள் ஒருவராகத்தானே புறப்பட்டார்?

மொழி கற்க இயலாதவர்க்கும் வேலை இருக்கின்றது. பழந்தமிழ் அச்சின் எழுத்து வேறு. இன்றைய எழுத்து வேறு. ஏட்டுச் சுவடிகளிலோ புள்ளி இருக்காது; எகர ஏகார வேறுபாடு தெரியாது. பழகிய கண்தான் அவற்றைப் படிக்கும். வாரம் ஒரு மாலை ஐந்தாறு பேர் கூடி, இணையத்தில் கிடைக்கும் ஒரு பழைய நூலின் ஒரு பக்கத்தைப் படித்து இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதினால், ஓராண்டில் ஒரு சிறு நூலே முடியும். இதற்குப் பொருள் வேண்டாம், மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் நாம் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழா முடிந்து பந்தல் பிரித்தபின் கையில் நிற்பது என்ன என்றுதான் கேட்கின்றேன்.

சபையாருக்கும் ஒரு சொல். துறவு பூணுவோர் தொகை பல நாடுகளில் சுருங்கி வருகின்றது. நாளை இந்தப் பெட்டிகளைத் துடைத்து வைக்க ஆள் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. தங்கள் வீட்டு வாரிசு குறையும்போது, ஊரை வாரிசாக ஆக்கிக்கொள்வது அறிவுடைமை. படிக்கப்படுகின்ற ஏட்டைத்தான் மக்கள் காப்பாற்றுவார்கள். படிக்கப்படாத ஏடு எவ்வளவு உயர்ந்த அலமாரியில் இருந்தாலும், ஒரு நாள் இடத்தை அடைக்கும் குப்பையாகவே எண்ணப்படும்.

தமிழன் தன் ஏடுகளை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டான் என்று நாமே நம்மைக் குறை கூறிக்கொள்கின்றோம். அது நம் பாட்டனார் காலத்து அறியாமை என்று சொல்லித் தப்பித்தும்கொள்கின்றோம். நம் காலத்தில் எந்த ஆற்றிலும் எவரும் ஏடு விடவில்லை. ஆனால் எங்கே இருக்கின்றதென்று கேட்காமல் இருப்பதும், என்ன மொழி என்று கற்காமல் இருப்பதும், யாருடையதோ என்று ஒதுங்கி இருப்பதும் ஆற்றில் விடுவதற்கு எவ்விதத்தில் குறைந்தவை?

நம் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் இரண்டு தீர்மானங்களை நான் முன்வைக்க இருக்கின்றேன். பழைய எழுத்துப் படிப்பு வட்டம் ஒன்று தொடங்குவது முதல் தீர்மானம். தமிழ்நாடு பற்றிய ஆவணங்களின் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுமாறு இயேசு சபையின் காப்பகங்களுக்குச் சங்கத்தின் பெயரால் மடல் எழுதுவது இரண்டாவது. மடலை மூன்று படிகளாக எழுதுவோம். மூன்று வழிகளில் அனுப்புவோம். அவர்களுக்குப் புரியும். ஆதரிக்க விரும்பும் நண்பர்கள் அன்று மாலை வந்து கைதூக்குமாறு அழைக்கின்றேன். எதிர்க்க விரும்புவோரும் வரவேண்டும். அவர்கள் சொல்வதையும் எழுதி வைப்போம். எழுதி வைத்தவைதானே நிற்கின்றன!